பதினெட்டு டிகிரி

அல் அய்னில் எங்கள் அலுவலகத்துக் கிழக்கு ஜன்னலோரம்
கைபேசியை வைத்தால்
'ஓமான் உங்களை வரவேற்கிறது' என்று செய்தி வரும்.
ஒரு நாளைக்கு நாலைந்து தரம்.
நான் நாற்காலியை விட்டு அசைந்திருக்க மாட்டேன்.

அந்த ஜன்னலுக்கு எதிரேதான் ஹுமைத் உட்கார்ந்தார்.
காணிப் பத்திரத்தை விரித்து
தாள் முடிந்த இடத்துக்கும் அப்பால், வெறும் மேசையில்,
விரலால் ஒரு சதுரம் போட்டார்:
'இது மௌஸாவின் வீடு. என் தங்கச்சி.
அவள் கல்யாணம் முடித்துப் போனபோது
நடுவில் ஒரு பேரீச்சந்தோப்புத்தான் இருந்தது.'

இப்போது வேலி. சோதனைச்சாவடி அரை மணி ஓட்டம்.
கடவுச்சீட்டு கேட்பார்கள்; மௌஸாவிடம் அந்தத் தாள் இல்லை.
'பெருநாளுக்கு நான் போய் வருகிறேன்.
எனக்கு வேண்டியது
சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை' என்றார்.
பொறியாளர் வஹீத் குறிப்பேட்டில்
'கூடம், ஒன்று' என்று எழுதிக்கொண்டார்.

வரைந்தேன்.
வேலியின் மேலேயே உட்கார்ந்த கூடம், இரண்டு வாசல்.
நகராட்சி திருப்பி அனுப்பியது.
நடுவே கண்ணாடி வைத்த கூடம்.
திருப்பி அனுப்பியது.
வேலியிலிருந்து ஆறு மீட்டருக்குள்
கல் கூடாது, கம்பம் கூடாது, பெஞ்சும் கூடாது.
அந்தப் பக்கமும் ஆறு.

கணினியில் வேலி ஒரு தனி லேயர்.
சாப்பாட்டு நேரத்தில் அதை அணைத்துப் பார்ப்பேன்.
வீடுகள் இரண்டும் சட்டென்று
ஒரே வளவுக்குள் வந்துவிடும்.
படிக்கட்டில் வஹீத்தின் செருப்புச் சத்தம் கேட்டதும்
திரும்பப் போட்டுவிடுவேன்.

விதிகளை நாலாம் முறை வாசித்தபோதுதான் கண்டேன்:
சுவர் எங்கே நிற்கலாம் என்று எழுதியிருக்கிறது.
நிழல் எங்கே படுக்கலாம் என்று எழுதவில்லை.

நாலு மீட்டர் உயரச் சுவர்.
சூரியன் பதினெட்டு டிகிரிக்கு இறங்கும்போது
நிழல் பன்னிரண்டு மீட்டர்.
ஆறு இங்கே, ஆறு அங்கே,
அதற்குமேல் மௌஸாவின் வாசல்.
காலை வெயிலுக்கு அவள் பக்கத்தில் இன்னொரு சுவர்,
அதே அளவு,
ஓமான் சிமெந்தில்.

வஹீத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'கூடம் எங்கே?'
'ஐந்து மணிக்கு வரும்' என்றேன்.

நகராட்சி 'மதில்' என்று முத்திரை குத்தியது.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.
நிழல் பாய் உருட்டியதுபோல் வேலிக்கு அடியால் போனது.
மௌஸா பிளாஸ்டிக் நாற்காலியை
இரண்டு தடவை நகர்த்திப் போட்டு அதற்குள் உட்கார்ந்தாள்.
இந்தப் பக்கம் சுவரோடு சாய்ந்து ஹுமைத்.
எதிரெதிரே முகம் தெரிய
கைபேசியில் கதைத்தார்கள்,
வெளிநாட்டு அழைப்புக் கட்டணத்தில்:
தக்காளி விலை. ஆட்டுக்கு வயிற்றுப்போக்கு.
ஹுமைத்தின் பேரன் சுவர்மேல் ஏறினான்.
அவன் தலையின் நிழல் போய் அவள் மடியில் விழுந்தது.
அவள் பேச்சை நிறுத்தாமலே
அதன் முடியைக் கோதிவிட்டாள்.

அதை நான் வரையவில்லை.

அன்றிரவு எல்லோரும் போன பிறகு
அதே கணக்கை வேறு இடத்துக்குப் போட்டேன்.
தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து தனுஷ்கோடி மணல்வரை
முப்பது கிலோமீட்டர்.
சந்தியோகு அண்ணன் மண்டபம் முகாமில்
முப்பத்துநாலு வருஷம்.
அவரிடமும் அந்தத் தாள் இல்லை.
சில ஞாயிறுகளில் விடியமுன் பஸ் பிடித்துப் போய்
மணலில் நிற்பாராம்.
சூரியன் எங்கள் பக்கத்தில்தான் எழும்பும்.
அது ஒரு டிகிரி ஏறியிருக்கையில்
நிழல் அவர் காலடிக்குப் போய்ச் சேர
ஐந்நூற்று இருபத்துநாலு மீட்டர் சுவர் வேண்டும்.

பூமியின் வளைவையும் கடற்புகையையும் நான் கழிக்கவில்லை.
ஆனாலும்
அந்த எண்ணை அழிக்கக் கை வரவில்லை.
துபாயில் இதைவிட உயரமாகக்
கட்டி முடித்திருக்கிறார்கள்,
வெறும் உயரத்துக்காகவே.